புதைபொருள் செய்திகளும் நம் விசுவாசமும்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற விவிலிய மாலையில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் எனக்குக் கொடுத்த தலைப்பு "விவிலியமும் புதைபொருள் ஆராய்ச்சியும்" என்பது. ஒரு மாலையில் பேசி முடிக்கக்கூடிய தலைப்பா இது? ஆகவே அதில் ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். விவிலியத்தில் வரும் பெரியோர்களுடைய பொருள்களும் எலும்புகளும் கல்லறைகளும் கண்டெடுக்கப்பட்டுவிட்டன என்று அவ்வப்போது பரபரப்பாகச் செய்திகள் வருகின்றன. அவற்றை விசுவாசிகளாகிய நாம் எப்படி எடைபோடுவது? இதுவே இன்றையப் பேச்சு.

பங்கு இல்லத்துக்கு வருகிறவர்கள் என்னிடம் இரண்டு விதமாகக் கேட்பதுண்டு. "சாமி, நோவாவின் பேழையைக் கண்டுபிடித்துவிட்டார்களாமே!" என்பார் ஒருவர். அவர் முகம் மலர்ந்திருக்கும். காட்டுவதற்குப் படமும் வைத்திருப்பார். "சாமி, இயேசுவின் எலும்புப் பெட்டி அகப்பட்டுவிட்டதாமே?" என்பார் இன்னொருவர். அவர் குரல் தாழ்ந்திருக்கும். பக்கத்தில் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டுதான் கேட்பார். முதல் செய்தியை நாலு பேருக்குச் சொல்லத் தோன்றுகிறது. இரண்டாவதை மூடி மறைக்கத் தோன்றுகிறது. இரண்டும் தவறு. பிடித்த சரக்குக்கு ஒரு எடைக்கல், பிடிக்காத சரக்குக்கு வேறொரு எடைக்கல் வைத்திருப்பது ஆண்டவருக்கு அருவருப்பு என்று நீதிமொழிகள் நூல் கூறுகிறது. அது கடைத்தெருவுக்கு மட்டும் சொன்ன சொல் அன்று.

ஆகவே மூன்று செய்திகளை ஒரே தராசில் வைத்துப் பார்ப்போம். ஒன்று நம்மை மகிழ்விப்பது. ஒன்று பாதி மகிழ்வித்துப் பாதி கலக்குவது. ஒன்று முற்றிலும் கலக்குவது.

மலைமேல் பேழை

பேழை "அராராத் மலைகள்" மேல் தங்கியது என்று ஆதியாகமம் 8-ம் அதிகாரம் சொல்லுகிறது. கவனியுங்கள், மலைகள் என்று பன்மையில் சொல்லுகிறது. அராராத் என்பது பண்டைக் காலத்தில் உறார்த்து எனப்பட்ட ஒரு நாட்டின் பெயர். இன்றையத் துருக்கியின் கிழக்குப் பகுதியும் அதை அடுத்த நிலங்களும் சேர்ந்தது அது. எந்தச் சிகரம் என்று விவிலியம் விரல் நீட்டிக் காட்டவில்லை. பிற்காலத்தில்தான் 5,137 மீட்டர் உயரமுள்ள ஒரு பனிமலைக்கு அந்தப் பெயர் நிலைத்தது. பெயர் நிலைத்த பிறகு தேடுவோர் கூட்டமும் அங்கே போகத் தொடங்கியது.

1955-ல் பெர்னான் நவாரா என்ற பிரெஞ்சுக்காரர் அம்மலையின் பனிப் பிளவிலிருந்து ஒரு மரத்துண்டை எடுத்து வந்தார். உலகமே பேசியது. பின்னர் கார்பன் சோதனை செய்தபோது, அந்த மரம் கிறிஸ்து பிறந்து ஏழெட்டு நூற்றாண்டுகள் சென்றபின் வெட்டப்பட்டது என்று தெரிந்தது. 1959-ல் துருக்கி இராணுவ அதிகாரி ஒருவர், அம்மலைக்குத் தெற்கே படகு வடிவில் ஒரு மேடு இருப்பதை விமானப் படத்தில் கண்டார். மறு ஆண்டு நேரில் சென்றவர்கள் கண்டது மண்ணும் பாறையுமே. அது இயற்கையாக அமைந்த வடிவம் என்று நிலவியல் அறிஞர்கள் கூறினார்கள். இன்றும் நம் வீடுகளுக்கு வந்து சேரும் படம் பெரும்பாலும் அந்த மேட்டின் படந்தான்.

1993-ல் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்றில் ஒருவர் தோன்றி, பேழைக்குள்ளேயே போய் வந்தேன் என்று சொல்லி ஒரு மரத்துண்டைக் காட்டினார். கோடிக்கணக்கானவர் பார்க்கும் நிகழ்ச்சி. அந்தத் துண்டு கலிபோர்னியாவில் இரயில் பாதை ஓரம் கிடந்த கட்டை என்பது பிறகு வெளியாயிற்று. சமையல் சாறுகளில் ஊறவைத்து, அடுப்பில் வாட்டி, அதைப் "பழமை" ஆக்கியிருந்தார்! 2010-ல் ஹாங்காங்கிலிருந்து ஒரு குழுவினர், நூற்றுக்கு 99.9 பங்கு இது நோவாவின் பேழைதான் என்று அறிவித்தார்கள். முன்பு அவர்களோடு பணியாற்றிய ஒரு கிறிஸ்தவ ஆராய்ச்சியாளரே அதில் ஏமாற்று இருப்பதாக ஐயம் தெரிவித்தார்.

"இதனால் யாருக்கு என்ன நட்டம், சாமி? பொய்யானாலும் நல்ல பொய்தானே?" என்று கேட்பீர்கள். நட்டம் உண்டு. நான் முன்பு பணியாற்றிய ஒரு பங்கில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் ஓர் ஆசிரியர் அந்தப் படகு மேட்டின் படத்தைச் சுவரில் ஒட்டி, "விவிலியம் உண்மை என்பதற்கு இதுவே சாட்சி" என்று சொல்லிக் கொடுத்தார். நல்ல மனிதர், நல்ல எண்ணம். அந்த வகுப்பில் இருந்த ஒரு பையன் கல்லூரிக்குப் போனான். அங்கே உண்மை தெரிந்தது. விடுமுறைக்கு வந்தவன் பூசைக்கு வரவில்லை. விசாரித்தபோது அவன் சொன்னான்: "அந்தப் படம் பொய் என்றால், அதே வகுப்பில் சொன்ன மற்றதெல்லாம் எப்படி மெய்?" அவன் கேட்டதில் பிழை இல்லை. பேழையின் மேல் நாம் அவன் விசுவாசத்தைக் கட்டிவைத்தோம். பேழை கவிழ்ந்தபோது அதுவும் கவிழ்ந்தது. பொய்த்தூண் கொடுத்து வீட்டைத் தாங்கச் செய்வது வீட்டுக்குச் செய்யும் உதவி ஆகாது.

திருச்சபை அவனுக்குச் சொல்லியிருக்கக்கூடியது வேறு. 1943-ல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் விவிலிய ஆராய்ச்சி பற்றி ஒரு சுற்றுமடல் விடுத்தார். பழங்காலத்து ஆசிரியர்கள் எந்தெந்த இலக்கிய வகைகளைக் கையாண்டார்கள் என்பதை அறிந்தே விவிலியத்தை விளக்க வேண்டும் என்று அதில் கற்பித்தார். 1948-ல் பாப்பிறை விவிலியக் குழு, பாரீஸ் கர்தினால் சுகார்டுக்கு எழுதிய கடிதத்தில், ஆதியாகமத்தின் முதல் 11 அதிகாரங்களை இக்கால வரலாற்று நூல்களைப் படிப்பதுபோல் படித்தலாகாது என்று விளக்கியது.

உண்மையான கண்டுபிடிப்பு ஒன்றும் நோவாவைப் பற்றி உண்டு. 1872-ல் லண்டன் அருங்காட்சியகத்தில் ஜார்ஜ் ஸ்மித் என்பவர், நினிவே நகரிலிருந்து வந்த களிமண் பலகைகளில் ஒரு வெள்ளக் கதையைப் படித்து அறிவித்தார். அதில் பேழையும் உண்டு, பறவைகளும் உண்டு. அதே மரபைச் சேர்ந்த வேறொரு பாபிலோனியக் கதையில், மக்கள் போடும் கூச்சலால் தூக்கம் கெட்ட தெய்வம் வெள்ளத்தை வரவழைக்கிறது. ஆதியாகமத்திலோ, மனிதனின் கொடுமையைக் கண்டு கடவுள் மனம் நோகிறார். வெள்ளம் வடிந்தபின் உடன்படிக்கை செய்கிறார். ஊரறிந்த ஒரு கதையை எடுத்து, கடவுள் எப்படிப்பட்டவர் என்று நமக்குச் சொல்லுகிறார் விவிலிய ஆசிரியர். பனிமலையில் கிடைக்கும் எந்தப் பலகையும் இதை நமக்குச் சொல்லாது.

யாக்கோபின் பெட்டி

இரண்டாவது செய்திக்கு வருவோம். நம் ஆண்டவர் காலத்து எருசலேமில் ஒரு வழக்கம் இருந்தது. இறந்தவர் உடலைப் பாறையில் குடைந்த கல்லறையில் கிடத்துவார்கள். ஓராண்டு போல் சென்றபின், எலும்புகளைத் திரட்டி ஒரு சிறு சுண்ணாம்புக்கல் பெட்டியில் இட்டு வைப்பார்கள். நம் நாட்டு முதுமக்கள் தாழியை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய அந்த வகை. தொடை எலும்பு கொள்ளும் நீளந்தான் பெட்டியின் நீளம். சிலவற்றில் இறந்தவர் பெயரைக் கீறிவைப்பார்கள். கி.பி. 70-ல் உரோமையர் எருசலேமை அழித்தபின் இந்த வழக்கம் அங்கே பெரும்பாலும் மறைந்தது.

2002 அக்டோபர் 21-ம் நாள் வாஷிங்டனில் அப்படி ஒரு பெட்டியைப் பற்றி அறிவித்தார்கள். அதில் அரமேய மொழியில் பொறித்திருந்த சொற்களின் பொருள்: யாக்கோபு, யோசேப்பின் மகன், இயேசுவின் சகோதரன். யாக்கோபு என்றால் நாம் யாகப்பர் என்கிறோமே, அந்தப் பெயர்தான். எழுத்தைப் படித்தவர் ஆந்திரே லெமேர் என்ற பிரெஞ்சு நாட்டுக் கல்வெட்டறிஞர், பெயர் பெற்றவர். பெட்டியை வைத்திருந்தவர் டெல் அவீவ் நகரில் பழம்பொருள் சேகரிப்பவர். அடுத்த மாதமே அது கனடாவின் டொரண்டோ அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. வழியிலேயே விரிசல் கண்டது.

பிரிந்த சகோதரர்கள் சிலர், "பார்த்தீர்களா, இயேசுவுக்கு உடன்பிறந்தார் இருந்தார்கள்" என்றார்கள். நம்மவர் சிலர் உடனே, "பெட்டி பொய்" என்றார்கள். பொய் என்பதற்கு அப்போது யாரிடமும் ஆதாரம் இல்லை. பொய்யாக இருந்தால் நல்லது என்ற ஆசைதான் இருந்தது. ஆசை ஆதாரம் ஆகாது.

என்ன நடந்தது என்று பாருங்கள். 2003 ஜூனில் இஸ்ரேல் தொல்பொருள் துறை அமைத்த குழு, பெட்டி பழையதே, ஆனால் எழுத்து போலி என்று அறிவித்தது. பெட்டியின் உரிமையாளர் மீது வழக்குத் தொடுத்தார்கள். பல ஆண்டுகள் நடந்த வழக்கில் பற்பல நிபுணர்கள் சாட்சி சொன்னார்கள்; ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்தார். 2012 மார்ச் 14-ல் தீர்ப்பு வந்தது. போலி செய்தார் என்ற குற்றம் ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கப்படவில்லை என்று நீதிபதி அவரை விடுவித்தார். ஆனால் இதனால் எழுத்து உண்மையானது என்று ஆகிவிடாது என்றும் கூறினார். இன்றுவரை அறிஞர்கள் இரு பக்கமும் இருக்கிறார்கள்.

ஏன் இந்தச் சிக்கல்? பெட்டி எந்தக் கல்லறையிலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆராய்ச்சியாளர் கையில் மண்ணோடு கிடைத்த பொருள் ஒரு சாட்சி; பழம்பொருள் கடையில் கைமாறிய பொருள் ஊமைச் சாட்சி. எழுத்து உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், அக்கால எருசலேமில் யோசேப்பின் மகனாகவும் இயேசுவின் சகோதரனாகவும் இருந்த யாக்கோபுகள் ஏறக்குறைய 20 பேர் இருந்திருக்கலாம் என்று லெமேரே கணக்கிட்டார்.

"சகோதரன்" என்ற சொல்லுக்கும் ஒரு வார்த்தை. இதைத் தமிழர்களாகிய நமக்கு விளக்கிச் சொல்ல வேண்டுமா? சித்தப்பா மகனையும் பெரியம்மா மகனையும் நாம் என்னவென்று அழைக்கிறோம்? அண்ணன், தம்பி என்றுதானே! எபிரேயரும் அப்படியே. லோத்து ஆபிரகாமின் தம்பி மகன். ஆனால் ஆதியாகமம் 13-ல் ஆபிரகாம் அவனைப் பார்த்து, நாம் சகோதரர் என்கிறார். மரியன்னை என்றும் கன்னி என்பது திருச்சபையின் விசுவாசம். ஆண்டவரின் சகோதரர் என்று நற்செய்தி கூறுவோர் நெருங்கிய உறவினர் என்று 4-ம் நூற்றாண்டில் புனித எரோணிமுஸ் விளக்கினார். சூசையப்பருக்கு முன்தாரத்தில் பிறந்தவர்கள் என்பது கீழைச் சபைகளின் பழைய மரபு. இந்தப் பெட்டி உண்மையானாலும் போலியானாலும் இவ்விளக்கங்களில் எதுவும் மாறாது. அப்படியிருக்க, நாம் ஏன் பதற வேண்டும்?

யாகப்பரை அறிய நமக்குப் பெட்டியும் தேவையில்லை. அப்போஸ்தலர் பணியிலும் கலாத்தியர் திருமுகத்திலும் அவர் எருசலேம் சபையின் தூணாக நிற்கிறார். கி.பி. 62-ல் தலைமைக் குரு அன்னா அவரைக் கல்லால் எறிந்து கொல்லச் செய்தார் என்று, கிறிஸ்தவரல்லாத யூத வரலாற்று ஆசிரியர் யோசேபுஸ் எழுதிவைத்திருக்கிறார்.

தல்பியோத் கல்லறை

மூன்றாவது செய்திதான் தாழ்ந்த குரலில் கேட்கப்படுவது. 1980-ல் எருசலேமுக்குத் தெற்கே தல்பியோத் என்ற பகுதியில் அடுக்குமாடி வீடு கட்ட நிலத்தைத் தோண்டியபோது ஒரு கல்லறை வெளிப்பட்டது. அதில் 10 எலும்புப் பெட்டிகள். 6 பெட்டிகளில் பெயர்கள். யோசேப்பின் மகன் இயேசு என்று ஒன்றில் படித்தார்கள். மற்றவற்றில் மரியா, யோசே, மத்தேயு, மரியம்னே என்ற பெயர்கள். ஒன்றில் இயேசுவின் மகன் யூதா என்று. அரசு ஆராய்ச்சியாளர்கள் குறித்துக்கொண்டார்கள். ஆமோஸ் குளோனர் என்ற யூத அறிஞர் 1996-ல் முறையான அறிக்கையும் வெளியிட்டார். எதையும் மறைக்கவில்லை, யாரும் பரபரப்பு அடையவும் இல்லை.

2007 பிப்ரவரி 26-ல், தவக்காலத்தின் தொடக்கத்தில், நியூயார்க்கில் ஒரு திரைப்படக் குழுவினர் பத்திரிகையாளரைக் கூட்டினார்கள். இது நாசரேத்து இயேசுவின் குடும்பக் கல்லறை, மரியம்னே என்பவர் மகதலா மரியாள், அவர் இயேசுவின் மனைவி, யூதா அவர்கள் மகன் என்று அறிவித்தார்கள். படம் மார்ச் மாதம் தொலைக்காட்சியில் ஓடியது.

இதையும் அதே தராசில் வைப்போம். முதலில் பெயர்கள். நம் பங்கின் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். "சூசை மகன் அந்தோணி" என்று எத்தனை சிலுவைகள்! பக்கத்திலேயே மரியம்மாள், ஆரோக்கியம், சவரிமுத்து. இன்னும் 2,000 ஆண்டு கழித்து ஒருவர் வந்து ஒரு சிலுவையைப் பார்த்து, "இவர்தான் இன்ன அந்தோணி" என்று சொன்னால் சிரிக்கமாட்டோமா? அக்காலப் பாலஸ்தீனத்துப் பெயர்களை அறிஞர்கள் தொகுத்திருக்கிறார்கள். யூதப் பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பெயர் மரியா. ஆண்களில் சீமோனுக்கு அடுத்தபடி மிகுதியான பெயர் யோசேப்பு. இயேசு என்ற பெயரும் நூற்றில் நாலு பேருக்கு. யோசேப்பின் மகன் இயேசு என்று எழுதிய வேறொரு பெட்டியைச் சூக்கெனிக் என்ற யூத அறிஞர் 1931-லேயே வெளியிட்டார்.

அடுத்து டி.என்.ஏ. சோதனை. இயேசு, மரியம்னே என்ற பெயருடைய இரு பெட்டிகளில் ஒட்டியிருந்த துகள்களைச் சோதித்தார்கள். இருவரும் ஒரே தாய்வழி வந்தவர் அல்லர் என்று முடிவு வந்தது. ஆகவே கணவன் மனைவி என்றார்கள்! ஒரு குடும்பக் கல்லறையில் தாய்வழி உறவு இல்லாத பெண் அண்ணியாக இருக்கலாம், மருமகளாக இருக்கலாம், அத்தையாகவும் இருக்கலாம். நம் வீட்டுப் பாட்டிமார்கூட இந்தக் கணக்கில் ஓட்டையைக் கண்டுபிடிப்பார்கள். மற்றப் பெட்டிகளை இப்படிச் சோதிக்கவும் இல்லை.

மேலும், பாறையில் குடைந்த குடும்பக் கல்லறை வசதி படைத்தவர்களுக்கு உரியது. நாசரேத்துத் தச்சர் குடும்பத்துக்கு எருசலேமில் அப்படி ஒன்று இருந்ததாக எந்தப் பழைய நூலும் சொல்லவில்லை. இந்த வாதத்தை மறுத்தவர்களில் முன்னால் நின்றவர் அறிக்கை எழுதிய குளோனர்தான். அவர் கிறிஸ்தவர் அல்லர்; உயிர்ப்பு விசுவாசத்தைக் காப்பாற்ற வேண்டிய தேவை அவருக்கு இல்லை.

இங்கே நான் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பேழை அகப்படாவிட்டால் நம் விசுவாசத்துக்கு ஒரு குறையும் இல்லை. யாக்கோபின் பெட்டி போலியானாலும் இல்லை. ஆனால் இந்த மூன்றாவது செய்தி அப்படிப்பட்டதன்று. எலும்பு கிடைத்தால் என்ன, ஆவியில் உயிர்த்தார் என்று வைத்துக்கொள்ளலாமே என்று 2007-ல் சிலர் சமாதானம் சொன்னார்கள். திருச்சபை அந்தச் சமாதானத்தை ஏற்பதில்லை. கிறிஸ்து உயிர்க்கவில்லை என்றால் நம் விசுவாசம் வீண் என்று சின்னப்பரே கொரிந்தியருக்கு எழுதிவிட்டார். நம் விசுவாசம் வரலாற்றில் காலூன்றியது. பொந்தியு பிலாத்துவின் பெயரை ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் சொல்லுகிறோமே, எதற்காக? நடந்ததைச் சொல்லுகிறோம் என்று காட்டத்தான். ஆகவே இப்படிப்பட்ட கேள்விகளை, "ஆராய்ச்சிக்கும் நமக்கும் சம்பந்தமில்லை" என்று தட்டிக்கழிக்க நமக்கு உரிமை இல்லை, எதிர்கொள்ளத்தான் வேண்டும்.

எதிர்கொண்டால் என்ன தெரிகிறது? ஆண்டவர் உயிர்த்தார் என்று அப்போஸ்தலர்கள் முதன்முதல் அறிவித்தது தொலைதூர நாட்டில் அன்று. அவரைச் சிலுவையில் அறைந்த எருசலேமிலேயே அறிவித்தார்கள். அருகிலேயே பெயர் பொறித்த குடும்பக் கல்லறையில் அவர் எலும்புகள் இருந்திருந்தால், எதிரிகள் ஒரு விரலை நீட்டினால் போதுமே! சீடர்கள் உடலைத் திருடிவிட்டார்கள் என்ற பேச்சுத்தான் யூதரிடையே பரவியது என்று மத்தேயு எழுதுகிறார். கல்லறை வெறுமையாக இருந்தது என்பதை அந்தப் பேச்சே ஒப்புக்கொள்கிறது. இந்தச் சாட்சிகள் தாங்கள் சொன்னதற்காக உயிரையும் கொடுத்தார்கள்.

திருச்சபை காட்டும் வழி

மற்றவர் பொருளை எடைபோடுவது எளிது. தன் சொந்தப் பொருளைத் தராசில் வைக்கிறவர் எத்தனை பேர்? திருச்சபை வைத்திருக்கிறது.

தூரின் நகரிலுள்ள திருத்துணியை நீங்கள் அறிவீர்கள். ஆண்டவரின் உடலைப் பொதிந்த துணி என்று கோடிக்கணக்கானோர் வணங்குவது. 1988-ல் அதன் சிறு துண்டுகளை ஆக்ஸ்போர்டு, சூரிக், அரிசோனா ஆகிய மூன்று ஆய்வுக்கூடங்களுக்குத் திருச்சபையே கொடுத்தது. துணி கி.பி. 1260-க்கும் 1390-க்கும் இடைப்பட்டது என்று முடிவு வந்தது. அதை உலகுக்கு அறிவித்தவர் யார்? அத்துணிக்குக் காவலரான தூரின் பேராயர் கர்தினால் பல்லெஸ்த்ரேரோ! அக்டோபர் 13-ல் பத்திரிகையாளர் முன் அவரே சொன்னார். அந்தச் சோதனை பற்றிய விவாதம் பின்னரும் ஓயவில்லை. 1998-ல் தூரின் சென்ற பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர், இது விசுவாசத்தைச் சார்ந்த கேள்வி அன்று, அறிவியலார் முன்முடிவு இல்லாமல் ஆராயட்டும் என்ற கருத்தைக் கூறி, அந்தத் துணியின் முன் செபித்தார்.

புனித இராயப்பர் கல்லறையையும் பாருங்கள். உரோமையில் அவர் பேராலயத்தின் அடியில் 1940 முதல் தோண்டினார்கள். 1950-ல் கிறிஸ்துமஸ் வானொலிச் செய்தியில் பன்னிரண்டாம் பத்திநாதர் அப்போஸ்தலரின் கல்லறை கண்டுபிடிக்கப்பட்டது என்று அறிவித்தார். ஆனால் அருகே கிடைத்த எலும்புகள் அவருடையவைதாம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சேர்த்தே சொன்னார். மகிழ்ச்சியான அந்த வேளையிலும் தெரிந்ததையும் தெரியாததையும் அவர் பிரித்துச் சொன்னதைக் கவனியுங்கள். விசுவாசமும் அறிவும் ஒன்றையொன்று மறுக்க முடியாது, இரண்டும் ஒரே கடவுளிடமிருந்து வருகின்றன என்று 1870-ல் முதல் வத்திக்கான் சங்கம் கற்பித்தது. அந்தப் போதனையை நம்புகிறவன் மண்வெட்டியைக் கண்டு அஞ்சமாட்டான்.

அஞ்சாதவனுக்கு நல்ல பரிசுகளும் கிடைக்கும். 1961-ல் செசாரேயா நகரின் பழைய அரங்கில் இத்தாலியக் குழுவினர் தோண்டியபோது, படிக்கல்லாகப் போடப்பட்டிருந்த ஒரு கல்லில் பிலாத்துவின் பெயரும் யூதேயாவின் ஆளுநர் என்ற பதவியும் காணப்பட்டன. 1968-ல் எருசலேமின் வடபகுதியில் ஓர் எலும்புப் பெட்டியில், ஆணி பாய்ந்த குதிகால் எலும்பு கிடைத்தது. சிலுவையில் அறையப்பட்டவரை முறையாக அடக்கம் செய்ததும் உண்டு என்பது அதனால் தெளிவாயிற்று. 1993-ல் வடக்கே தாண் நகரில் கிடைத்த கல்வெட்டு, தாவீதின் வீடு என்று குறிப்பிடுகிறது. இவை எல்லாம் தோண்டியவர் கண்முன் கிடைத்தவை. அறிஞர் பலர் சோதித்தவை. ஆனால் இங்கும் அளவு மறக்கலாகாது. பிலாத்து இருந்தான் என்று கல் சொல்லும். அவன் தீர்ப்பிட்டவர் நமக்காக மரித்தார் என்று கல் சொல்லாது. அதைச் சொல்ல ஒரு சாட்சி வேண்டும். கேட்க ஓர் இதயம் வேண்டும்.

நாம் செய்யத்தக்கது

இனி அடுத்த செய்தி வரும். தவக்காலத்திலோ கிறிஸ்துமசுக்கு முன்போ வர வாய்ப்பு அதிகம், அப்போதுதானே விற்பனை! வரும்போது ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

1. பொருள் எங்கே கிடைத்தது? ஆராய்ச்சியாளர் தோண்டியதா, கடையில் வாங்கியதா?

2. முதலில் யாரிடம் சொன்னார்கள்? அறிஞர்களிடமா, படம் பிடிப்பவர்களிடமா?

3. பெயரைத் தவிர வேறு ஆதாரம் உண்டா?

4. இதனால் இலாபமோ நட்டமோ இல்லாத அறிஞர்கள் என்ன சொல்லுகிறார்கள்?

5. செய்தி நமக்கு எதிராக இருந்திருந்தால், இதே ஆதாரத்தை நாம் ஏற்றிருப்போமா? நமக்கு ஆதரவாக இருந்திருந்தால் இதே ஆதாரத்தைத் தள்ளியிருப்போமா?

ஐந்தாவது கேள்விதான் கடினமானது. அதை நம் மனச்சாட்சியிடம் கேட்க வேண்டும். விடை தெரியும்வரை அந்தச் செய்தியை மற்றவருக்கு அனுப்பாதீர்கள். அனுப்பியவர் மேல் கோபப்படவும் வேண்டாம். பெற்றோரே, பிள்ளைகள் இப்படிக் கேட்டால் "வாயை மூடு" என்று அதட்டாதீர்கள். கேட்ட பிள்ளை இன்னும் உங்கள் அருகில்தான் இருக்கிறது; கேட்காமல் போகிற பிள்ளைதான் தொலைவில் இருக்கிறது. உங்களுக்கு விடை தெரியாவிட்டால் என்னிடம் அழைத்து வாருங்கள். எனக்கும் தெரியாவிட்டால் சேர்ந்து தேடுவோம்.

நம் மண்ணுக்கு விசுவாசத்தைக் கொண்டுவந்தவர் என்று நாம் போற்றும் தோமையார், தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்றவர். ஆண்டவர் அவரை விரட்டவில்லை, காயங்களைக் காட்டினார். ஆனால் காணாமல் விசுவசிப்போரைப் பேறுபெற்றோர் என்றார். அந்தப் பேறு பெற்றவர்கள் யார்? இந்தப் பங்கை நிறுவிய உங்கள் பாட்டன்மாரும் பாட்டிமாரும். அவர்களுக்கு யாரும் பேழையின் பலகையைக் காட்டவில்லை, கல்வெட்டைப் படித்துக்காட்டவில்லை. ஒருவர் சொல்ல ஒருவர் கேட்டார்கள். கேட்டதை வாழ்ந்து காட்டினார்கள். நம் ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறந்தால் 50 ஆண்டுக்கு அவர்கள் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. இயேசு உயிரோடு இருக்கிறார் என்பதற்கு அடுத்த தலைமுறை தேடும் ஆதாரம் எருசலேம் மண்ணுக்குள் மட்டும் இராது. நம் வீடுகளிலும் தேடும். நாம் மன்னித்தோமா, பகிர்ந்தோமா, உண்மை பேசினோமா என்று பார்க்கும். அங்கே அவர்கள் வெறுங்கையோடு திரும்பாமல் இருக்கும்படி வாழ்வோம்.

எல்லாம் வல்ல இறைவன் இந்தப் பொன்விழா ஆண்டில் உங்கள் அனைவரையும் உண்மையில் நிலைநிறுத்தி ஆசீர்வதிப்பாராக. ஆமென்.